மலைக்கால்களும் ரயில்வே உத்தியோகமும்

கேரளத்து ஓட்டக்காரிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பாலக்காட்டு டீக்கடையிலும் சரி, தொடுபுழா பஸ் ஸ்டாண்டிலும் சரி, பெரும்பாலும் ஒரே விளக்கம்தான் வரும். எல்லாரும் மலைக்காட்டுப் பிள்ளைகள், மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போனவர்கள், அதனால் கால் தானாக உரம் ஏறிவிட்டது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். பாதி உண்மையும் கூட.

மீதிப் பாதியைச் சோதித்துப் பார்க்க மூணாறு போனால் போதும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், நிற்கவே கால் நடுங்கும் சரிவுகளில், நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கூடை சுமந்து கொழுந்து பறிப்பவர்கள் தமிழ்ப் பெண்கள். அவர்கள் பெண்களும் பேத்திகளும் அதே சரிவுகளில் ஏறித்தான் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். மலை மட்டுமே ஓட்டக்காரியை உண்டாக்கும் என்றால் ஆசியப் பதக்கப் பட்டியலில் அந்தத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களின் பெயர் வரிசையாக வந்திருக்க வேண்டும். தடகளத்தில் இடுக்கி மாவட்டத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பெண்கள் என்று முதலில் சொல்லப்படுபவர்கள் மூவர்: தொடுபுழாவின் ஷைனி, கொம்பொடிஞ்ஞாலின் பீனாமோள், மூலமற்றத்தின் ப்ரீஜா. மூவரில் ஒருவரும் தேயிலை லயத்திலிருந்து வந்தவர் அல்லர்.

அப்படியானால் மலையோடு வேறென்ன சேர வேண்டியிருந்தது? இந்த மூவருக்கும் முன்னால் ஓடிய ஒரு பெண்ணின் வாழ்க்கையில் அதற்கு விடை இருக்கிறது. அவர் பெயர் மானத்தூர் தேவஸ்யா வல்சம்மா. பத்திரிகைகளுக்கு எம்.டி. வல்சம்மா. பிறந்தது வடக்கே கண்ணூர் மாவட்டத்தில். ஓட்டக்காரியாக உருவானது பாலக்காட்டில்.

வல்சம்மா 1960 அக்டோபர் 21 அன்று ஒற்றத்தை என்னும் மலையோரக் கிராமத்தில் பிறந்தார். ஆலக்கோடு பக்கத்து ஊர் அது. இன்று ரப்பரும் முந்திரியும் மிளகும் நிறைந்திருக்கும் அந்தப் பகுதி, அவர் பிறப்பதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை பெருங்காடு. திருவிதாங்கூரின் பாலா, தொடுபுழா, காஞ்ஞிரப்பள்ளி வட்டாரங்களில் நிலம் போதாமல் தவித்த சிரியன் கிறிஸ்தவக் குடியானவர்கள், 1920-களின் பிற்பகுதியிலிருந்தே மூட்டை முடிச்சோடு மலபாருக்கு ரயிலேறினார்கள். ஏக்கர் விலை அங்கே மலிவு. மலேரியாவும் காட்டுப்பன்றியும் அதற்கு மேல் கொடுக்க வேண்டிய விலை. ஆலக்கோட்டில் பூஞ்ஞாறு அரச குடும்பத்தைச் சேர்ந்த பி.ஆர். ராமவர்ம ராஜா பெருந்தோட்டம் அமைத்த பிறகு குடியேற்றம் இன்னும் வேகம் பிடித்தது.

இதே மக்களின் இன்னொரு கிளை கிழக்கே திரும்பி இன்றைய இடுக்கியின் மலைகளில் ஏறியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசிப் பஞ்சம் வந்தபோது, உணவுப் பயிர் விளைவிக்கட்டும் என்று திருவிதாங்கூர் அரசு காட்டைக் குத்தகைக்குத் திறந்துவிட்டது. 1950-களின் நடுவில் திருவிதாங்கூர்-கொச்சி அரசே முன்னின்று கல்லாறு, மறையூர் பக்கங்களில் குடியேற்றக் காலனிகளை அமைத்தது. தேவிகுளமும் பீருமேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. காலனிகளுக்கும் அந்த எல்லை வழக்குக்கும் இருந்த தொடர்பை இரு பக்கத்து வரலாற்றாளர்களும் எழுதியிருக்கிறார்கள்.

குடியேற்றக்காரர்கள் குடிசை போட்ட கையோடு ஒரு கூரை போட்டு அதைப் பள்ளியாகவும் தேவாலயமாகவும் வைத்துக்கொண்டார்கள். தோட்ட லயத்துக்கும் குடியேற்றக் கிராமத்துக்கும் வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. தோட்டத்தில் பள்ளிக்கூடம் கம்பெனியின் தயவு. பெரும்பாலும் கீழ் வகுப்புகளோடு முடிந்துவிடும். அதற்கப்பால் குழந்தையின் பெயர் தோட்டத்தின் கூலிப் பதிவேடான செக்ரோலில் ஏறும் நாளுக்குக் குடும்பம் காத்திருக்கும். குடியேற்றக் கிராமத்தில் உயர்நிலைப் பள்ளி, அதையடுத்து கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் கல்லூரி, விடுதி என்று ஏணியின் படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. விளையாட்டு அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறியது.

வல்சம்மா பள்ளியிலேயே ஓடத் தொடங்கிவிட்டார். ஆனால் மாவட்டப் பள்ளி விளையாட்டு விழாவில் கோப்பை வாங்கிய பெண்கள் அன்று ஊருக்கு ஊர் இருந்தார்கள். பத்தாம் வகுப்போடு அந்தக் கோப்பை அலமாரியில் ஏறும், பெண்ணுக்கு வரன் பார்ப்பார்கள். வல்சம்மாவின் கதை அந்த இடத்தில் பிரிந்து போனதற்குக் காரணம், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த பாலக்காட்டின் மெர்சி கல்லூரி.

பாலக்காடு அன்றும் இன்றும் வாசல் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமாக வாய் திறக்கும் இடம். கோயம்புத்தூர்க் காற்றும் வெயிலும் அந்த வழியாகத்தான் கேரளத்துக்குள் நுழைகின்றன. மார்ச், ஏப்ரலில் கேரளத்திலேயே கடும் வெயில் காயும் ஊர்களில் ஒன்று. சித்தூர், கொழிஞ்ஞாம்பாறை, வாளையாறு பக்கம் போனால் கடைத்தெருவில் தமிழ்தான் கேட்கும். நகரின் நடுவே 1766-இல் ஹைதர் அலி கட்டிய கோட்டை, அதையொட்டிப் பரந்த மைதானம். ஒலவக்கோட்டில் ரயில் சந்திப்பு. 1956 முதல் அதுவே ஒரு ரயில்வே கோட்டத்தின் தலைமையிடம். இந்த ரயில்வே நம் கதைக்குள் பிறகு வரும்.

மெர்சி கல்லூரி 1964-இல் கார்மல் மாதா சபையின் சகோதரிகளால் தொடங்கப்பட்டது. பாலக்காடு மாவட்டத்தின் முதல் பெண்கள் கல்லூரி. விடுதி, கண்டிப்பு, காலை ஜெபம் என்று பெற்றோருக்கு நம்பிக்கை தரும் எல்லாமும் அங்கே இருந்தன. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடும் மகளை ஒரு மலைக்கிராமத்துக் குடும்பம் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால், அவளைப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் ஆள் கன்னியாஸ்திரீயாக இருப்பது பெரிய ஆறுதல். கேரளத்துப் பெண்கள் தடகளத்தில் கான்வென்ட் கல்லூரிகளின் பங்கு பெரிது. பாலாவின் அல்போன்சா கல்லூரியும் இந்த வரிசையில் நிற்பது.

இன்னொரு பக்கம் அரசும் காசை எடுத்து வைத்தது. கர்னல் கோதவர்ம ராஜா 1954-இல் உருவாக்கிய விளையாட்டுக் கவுன்சில், எழுபதுகளில் பள்ளி கல்லூரிகளோடு ஒட்டி விளையாட்டுப் பிரிவுகளைத் திறந்தது. ஊர்க்காரர்கள் வாயில் அது ‘ஸ்போர்ட்ஸ் டிவிஷன்’. தேர்வான பிள்ளைக்குத் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சியாளர். பய்யோளியின் பி.டி. உஷா 1976-இல் கண்ணூர்ப் பிரிவுக்குப் போனது இந்த வழியில்தான். முட்டையும் பாலும் கணக்காகக் கிடைப்பது, காலையில் எழுப்பி ஓடவிட ஒருவர் இருப்பது, ஓடாத நேரத்தில் வீட்டு வேலை இல்லாமலிருப்பது: குடியானவர் வீட்டுப் பெண்ணுக்கு இந்த மூன்றும் ஒரே இடத்தில் வேறெங்கும் கிடைத்திருக்காது.

பயிற்சியாளர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. உஷாவின் குரு ஓ.எம். நம்பியார் விமானப் படையில் பணியாற்றியவர். பாலக்காட்டில் வல்சம்மாவுக்குக் குருவாக வாய்த்த ஏ.கே. குட்டியும் விமானப் படைக்காரர்தான். நிறுத்துக் கடிகாரத்தையும் அட்டவணையையும் ராணுவ ஒழுங்கோடு கையாளத் தெரிந்த ஒரு தலைமுறை, சீருடையைக் கழற்றிய பிறகு ஊர் மைதானத்துக்கு வந்து பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தது. குட்டிக்குத் துரோணாச்சாரியார் விருது வந்தது 2010-இல். மாணவி ஆசியத் தங்கம் வென்று இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து.

1979-இல் புணேயில் நடந்த பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் வல்சம்மாவுக்கு முதல் பெரிய பதக்கங்கள் கிடைத்தன. எந்தப் பிரிவுகளில் என்பது முக்கியம்: 100 மீட்டர் தடை ஓட்டம், மற்றொன்று ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டத்லான். அன்றைய பென்டத்லானில் 100 மீட்டர் தடை ஓட்டமும் குண்டு எறிதலும் உயரம் தாண்டுதலும் நீளம் தாண்டுதலும் கடைசியாக 800 மீட்டர் ஓட்டமும் இருந்தன. அதாவது, தடையைத் தாண்டும் நளினமும் இரண்டு சுற்று மூச்சைப் பிடித்து ஓடும் தெம்பும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் கூட்டினால் வருவது 400 மீட்டர் தடை ஓட்டம்.

பெண்களுக்கு அந்த ஓட்டமே அப்போது புதிது. ஆண்கள் 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே 400 மீட்டர் தடைகளைத் தாண்டிவிட்டார்கள். பெண்களுக்கோ நீண்ட ஓட்டம் என்றாலே அமைப்பாளர்களுக்குப் பயம். 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துச் சோர்ந்து நின்றதைப் பார்த்துவிட்டு, 1960 வரை அந்த ஓட்டத்தையே ஒலிம்பிக்கிலிருந்து நீக்கி வைத்திருந்தார்கள். பெண்களின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உலக சாதனை என்று ஒன்றை உலகத் தடகள அமைப்பு ஏற்றுக்கொண்டதே 1974-இல். போலந்தின் கிறிஸ்டினா காஸ்பர்சிக் ஓடிய 56.51 விநாடிதான் முதல் பதிவு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிலும் அதற்கு இடம் இல்லை. அதனால் அந்த ஆண்டு நெதர்லாந்தின் சிட்டார்டில் இதற்கும் பெண்கள் 3,000 மீட்டருக்கும் தனி உலகப் போட்டி நடத்தினார்கள். பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் ஓட்டம் 1984 லாஸ் ஏஞ்சலஸில்.

ஓட்டத்தின் கணக்கு இப்படி. தடம் ஒரு சுற்று; பத்துத் தடைகள்; ஒவ்வொன்றும் 76.2 சென்டிமீட்டர் உயரம், ஏறக்குறைய தொடையளவு. புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர். தடைக்கும் தடைக்கும் நடுவே 35 மீட்டர். கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 40 மீட்டர். அந்த 35 மீட்டரை எத்தனை எட்டில் கடப்பது என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. பதினைந்தோ பதினேழோ என்று ஒற்றைப்படையில் எட்டு வைத்தால் ஒவ்வொரு தடையிலும் அதே கால் முன்னே போகும். பதினாறு என்றால் கால் மாறும். வலது காலையும் இடது காலையும் ஒன்றுபோல் பழக்கியிருக்க வேண்டும். முதல் ஐந்து தடை வரை கணக்குச் சரியாக வரும். ஆறாவது ஏழாவது தடையில், வளைவில், தொடைத் தசை கல்லாக இறுகத் தொடங்கும்போது எட்டின் நீளம் விரல் விரலாகக் குறையும். பதினைந்து எட்டில் வந்தவளுக்குத் தடை ஒரு சாண் தள்ளிப் போய்விட்டது போலிருக்கும். அப்போது ஒரு எட்டைக் கூட்டுவதா, இழுத்துப் போட்டுத் தாவுவதா என்று ஓடிக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். தப்பினால் முழங்கால் தடையில் இடிக்கும். இந்தக் கணக்கு மலையேறி வருவதல்ல. ஒரே மைதானத்தில், ஒரே குருவின் கண் முன்னால், ஆண்டுக்கணக்கில் எண்ணி எண்ணிப் பழகி வருவது.

1981-இல் பெங்களூரில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் வல்சம்மா ஐந்து தங்கம் வென்றார்: 100 மீட்டர் தடை, 400 மீட்டர் தடை, தடையில்லாத 400 மீட்டர், இரண்டு தொடர் ஓட்டங்கள். அதன் பிறகு தேசிய அணியின் கதவு திறந்தது. தென்னக ரயில்வேயின் கதவும் திறந்தது.

இரண்டாவது கதவைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. ரயில்வே 1928-லிருந்தே தனி விளையாட்டு வாரியம் வைத்திருக்கும் நிறுவனம். வேலைக்கு எடுத்துச் சம்பளம் கொடுத்து, பயிற்சிக்கு விடுப்பும் போட்டிக்குப் பயணச் சலுகையும் தரும். கல்லூரி முடிந்த பெண்ணுக்கு இருபத்தொரு வயதில் கல்யாணப் பேச்சு வரும். அதைத் தள்ளிப்போட வீட்டில் சொல்லக்கூடிய காரணம் ‘ஆசியச் சாம்பியன் ஆக வேண்டும்’ என்பதல்ல, மாதச் சம்பளம். சம்பளம் வாங்கும் மகள் ஓடப் போகிறேன் என்றால் அது உத்தியோகத்தில் ஒரு பகுதியாகிவிடுகிறது. விடுதி கல்லூரி முடியும் வரை காப்பாற்றிய ஓட்டத்தை, இருபத்தைந்து வரைக்கும் முப்பது வரைக்கும் நீட்டித்துக் கொடுத்தது இந்த நியமன உத்தரவுதான். உஷாவும் பின்னால் இதே தென்னக ரயில்வேக்குத்தான் வந்தார்.

1982 நவம்பர். டெல்லி ஒன்பதாவது ஆசிய விளையாட்டுக்காகப் புதுக்கோலம் பூண்டிருந்தது. புதிய ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம், புதிய மேம்பாலங்கள், நாட்டுக்கே புதிதான வண்ணத் தொலைக்காட்சி. சின்னம் ‘அப்பு’ என்னும் குட்டி யானை. தொடக்க விழாவுக்குக் கேரளத்திலிருந்து யானைகளை ரயிலேற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். தடகளத்தில் நாட்டின் எதிர்பார்ப்பு உஷாவின் மேல் இருந்தது. 100 மீட்டரில் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா அவரை முந்திவிட்டார். 200 மீட்டரிலும் வெள்ளிதான்.

400 மீட்டர் தடை ஓட்டத்தில் அந்த ஆண்டே தேசிய சாதனையைப் புதுப்பித்திருந்த வல்சம்மா, சொந்த மண்ணின் கூட்டத்துக்கு முன்னால் 58.47 விநாடியில் முதலாவதாக வந்தார். ஆசிய சாதனையைவிட மேலான நேரம். 1970 பாங்காக்கில் 400 மீட்டர் வென்ற கமல்ஜீத் சந்துவுக்கும், 1978-இல் 800 மீட்டர் வென்ற கீதா ஜுட்சிக்கும் பிறகு ஆசிய விளையாட்டில் தனி ஓட்டத்தில் தங்கம் வென்ற இந்தியப் பெண் அவர். முந்தைய இருவரும் வென்றது பாங்காக்கில். இந்திய மண்ணில் அப்படி வென்ற முதல் பெண் வல்சம்மா. அந்தப் போட்டியில் தடகளத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் நான்கே. மற்ற மூன்றும் ஆண்களுடையவை: சார்லஸ் பொரோமியோ, பகதூர் சிங், சாந்த் ராம். பெண்கள் 4x400 தொடர் ஓட்ட அணியில் ஒருவராக ஒரு வெள்ளியும் வல்சம்மா பெற்றார்.

அந்த ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அடுத்து 1983-இல் பத்மஸ்ரீயும் வந்தன. உலக அளவில் அந்த 58.47 விநாடியின் மதிப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிட்டார்டில் 1980-இல் வென்ற கிழக்கு ஜெர்மன் வீராங்கனையின் நேரம் 54.55. கிட்டத்தட்ட நான்கு விநாடி இடைவெளி. ஆசியாவில் அப்போது யாரும் அந்த இடைவெளிக்குள் நுழையவில்லை.

நுழைந்தது அவருடைய சொந்த அணித்தோழிதான். 100 மீட்டர், 200 மீட்டர் என்று ஓடிக்கொண்டிருந்த உஷாவை, ஒலிம்பிக்கில் முதல் முறையாக வரப்போகும் இந்த ஓட்டத்துக்கு நம்பியார் திருப்பிவிட்டார். சில மாதப் பயிற்சியிலேயே உஷா ஆசியச் சாம்பியனான வல்சம்மாவைத் தேர்வுப் போட்டியில் முந்தினார். 1984 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61 விநாடியில் வென்ற அந்த இறுதிப் போட்டியில், உஷாவின் 55.42 விநாடி நான்காம் இடம். வெண்கலத்துக்கும் அவருக்கும் நடுவே விநாடியில் நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கைப் பற்றி இந்தியா நாற்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது. டெல்லியில் ஆசிய சாதனையைத் தாண்டிய நேரத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று விநாடி குறைந்திருந்தது என்பதும் அதே பக்கத்தில் எழுத வேண்டிய கணக்கு.

தான் திறந்த வழியில் இன்னொருத்தி முந்திப் போனபோது வல்சம்மா மைதானத்தை விட்டுப் போகவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் உஷா, ஷைனி, கர்நாடகத்தின் வந்தனா ராவ் ஆகியோருடன் அவர் 4x400 தொடர் ஓட்டம் ஓடினார். ஒலிம்பிக் இறுதிக்கு முதல் முறையாக ஓர் இந்தியப் பெண்கள் அணி போனது. 3 நிமிடம் 32.49 விநாடியில் ஏழாம் இடம்; ஆசிய சாதனை. சோவியத் நாடும் கிழக்கு ஜெர்மனியும் புறக்கணித்த ஒலிம்பிக் அது என்பதால் இறுதிக்குள் நுழைய இடம் கொஞ்சம் இளகியிருந்தது உண்மை. நேரத்தை யாரும் இளக்கிக் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு வல்சம்மா தன் பழைய 100 மீட்டர் தடைக்குத் திரும்பி, தேசிய விளையாட்டில் புதிய தேசிய சாதனை படைத்தார். 1986 சோல் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த மொத்தத் தங்கமே ஐந்து. கர்த்தார் சிங்கின் மல்யுத்தம் ஒன்று. உஷாவின் தனி ஓட்டங்கள் மூன்று. ஐந்தாவது, வல்சம்மாவும் ஷைனியும் வந்தனாவும் உஷாவும் சேர்ந்து கொண்டுவந்த தொடர் ஓட்டம்.

ஷைனியோடு கதை இடுக்கிக்குள் நுழைகிறது. ஷைனி ஆபிரகாம் 1965 மே 8 அன்று தொடுபுழாவில் பிறந்தபோது இடுக்கி என்றொரு மாவட்டமே இல்லை. தொடுபுழா எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை ஆகிய மூன்று மலைத் தாலுகாக்களோடு அதையும் சேர்த்து 1972 ஜனவரி 26 அன்றுதான் புதிய மாவட்டம் பிறந்தது. மலையேறுவதற்கு முன்னால் கடைசியாகச் சாமான் வாங்கும் ஊர் தொடுபுழா. ஷைனி ஏறிய ஏணியும் அதே ஏணி: கோட்டயத்தில் விளையாட்டுப் பிரிவு, திருவனந்தபுரத்தில் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி, பாலாவில் அல்போன்சா கல்லூரி. லாஸ் ஏஞ்சலஸில் 800 மீட்டர் அரையிறுதிக்குப் போனபோது அவருக்கு வயது பத்தொன்பது. அதற்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் ஒலிம்பிக் ஓட்டத்தில் அதுவரை போனதில்லை.

சோலில் ஷைனிக்கு நடந்ததை இந்தத் தலைமுறை ஓட்டக்காரிகள் இன்னும் பாடமாகக் கேட்பதுண்டு. 800 மீட்டரில் முதல் வளைவு முடியும் வரை அவரவர் பாதையிலேயே ஓட வேண்டும். அங்கே குறுக்கே ஒரு கோடும் ஓரத்தில் கொடியும் இருக்கும். அதைக் கடந்த பிறகே உள்பாதைக்கு வெட்டி வரலாம். ஷைனி கோட்டுக்கு முன்பே உள்ளே வந்துவிட்டார். பிறகு எல்லாரையும் தூர விட்டுவிட்டு முதலாவதாக முடித்தார். தங்கம் கைக்கு வரும் முன்னே தகுதி நீக்க அறிவிப்பு வந்தது. அதே போட்டியில் 400 மீட்டர் வெள்ளியும் தொடர் ஓட்டத் தங்கமும் வாங்கினார் என்பதை எடுத்துச் சொன்னால்தான் பலருக்கு நினைவு வருகிறது.

1992 பார்சிலோனாவில் ஒலிம்பிக் அணிவகுப்பில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்ற முதல் பெண்ணும் ஷைனிதான். அப்போது அவர் நீச்சல் வீரர் வில்சன் செறியானின் மனைவி, ஒரு குழந்தைக்குத் தாய், சென்னையில் இந்திய உணவுக் கழகத்தின் ஊழியர். கல்யாணத்தோடும் பிரசவத்தோடும் ஓட்டம் முடிந்துவிடும் என்று அன்றைய பயிற்சியாளர்களே நம்பிய காலம். 1995 டிசம்பரில் சென்னை நேரு விளையாட்டரங்கில் தெற்காசிய விளையாட்டு நடந்தது. முப்பது வயது ஷைனி 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடியில் முடித்தார். இரண்டு நிமிடத்துக்குள் அந்த ஓட்டத்தை ஓடிய முதல் இந்தியப் பெண். அலுவலக வேலை என்ற நங்கூரம் இல்லாமல் ஒரு குடும்பப் பெண் முப்பது வயது வரை பயிற்சியில் நீடித்திருக்க முடியுமா என்று யோசித்தால், 1981-இல் வல்சம்மாவுக்கு வந்த ரயில்வே உத்தரவின் எடை புரியும்.

அதன் பிறகு இடுக்கியிலிருந்து மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். ஏலமும் மிளகும் விளையும் குடியேற்றப் பகுதியான கொம்பொடிஞ்ஞாலிலிருந்து கே.எம். பீனாமோள்: 2000 சிட்னியில் 400 மீட்டர் அரையிறுதி, 2002 பூசானில் 800 மீட்டர் தங்கமும் தொடர் ஓட்டத் தங்கமும் 400 மீட்டர் வெள்ளியும். அதே பூசானில் அவருடைய தம்பி கே.எம். பினு ஆண்கள் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். நிலத்தடி மின் நிலையத்துக்குப் பேர்போன மூலமற்றத்திலிருந்து ப்ரீஜா ஸ்ரீதரன்: ரயில்வேக்காக ஓடியவர். 2010 குவாங்சோவில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 விநாடியில் முடித்துத் தங்கம், 5,000 மீட்டரில் வெள்ளி.

பாலக்காட்டிலும் ஏணி நீண்டது. கல்லூரியிலிருந்து அது பள்ளிக்கு இறங்கி வந்தது. பறளி, முண்டூர், குமரம்புத்தூர் கல்லடி ஆகிய கிராமத்துப் பள்ளிகள் எர்ணாகுளம் மாவட்டத்துக் கோதமங்கலம் பள்ளிகளோடு மல்லுக்கு நின்று மாநிலப் பட்டத்தைப் பாலக்காட்டுக்குக் கொண்டுவந்தன. 2019-இலும் 2022-இலும் மாநிலப் பள்ளி விளையாட்டு விழாவில் பாலக்காடு முதலிடம். முண்டூர்ப் பள்ளியில் உருவான பி.யு. சித்ரா 2017-இல் புவனேஸ்வரத்தில் 1,500 மீட்டர் ஆசியச் சாம்பியன் ஆனார். ஆசியச் சாம்பியனுக்கு லண்டன் உலகப் போட்டியில் இடம் உண்டு என்பது வழக்கம். தேர்வுக்குழு அவர் பெயரை விட்டுவிட்டது. சித்ரா கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் அவருக்கு ஆதரவாக உத்தரவிட்டும் நேரம் கடந்துவிட்டது, லண்டனுக்குப் போக முடியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து தோஹாவில் நடந்த ஆசியச் சாம்பியன் போட்டியில் அதே 1,500 மீட்டரை மறுபடி வென்றார். கூலித் தொழிலாளர் வீட்டுப் பெண்ணான சித்ராவின் ஊர் மலையில் இல்லை. வயலும் சாலையும் உள்ள சமவெளிக் கிராமம் அது. மலைதான் காரணம் என்னும் வாதத்துக்கு முண்டூரும் பறளியும் கொடுக்கும் பதில் அது.

மூணாறிலும் இப்போது விளையாட்டுக் கவுன்சிலின் உயர்நிலப் பயிற்சி மையம் இருக்கிறது. காற்றில் ஆக்ஸிஜன் குறைந்த உயரத்தில் பழகினால் ரத்தம் அதை ஈடுகட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. சமவெளிப் பிள்ளைகளைப் பயிற்சிக்காக அங்கே மேலே அழைத்து வருகிறார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை அந்த உயரத்திலேயே பிறந்து வளர்கிறாள். அவளைத் தேடிப் பிடித்து விடுதியில் சேர்த்து, பத்தாம் வகுப்புக்குப் பிறகும் தக்கவைக்கும் ஏற்பாடு தமிழ் வழிப் பள்ளிகள் வரை போய்ச் சேர வேண்டும்.

வல்சம்மா முதன்முதலில் ஆசியாவை வென்ற ஓட்டத்தில் உஷா வைத்த 55.42 விநாடியை இந்தியாவில் முப்பத்தொன்பது ஆண்டுகள் யாரும் தொடவில்லை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் ஒரு பெண் அதே 55.42-ஐ ஓடினார்; மறுநாள் இறுதியில் வெண்கலம் வாங்கினார். அவர் வித்யா ராம்ராஜ். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர், வாகன ஓட்டுநரின் மகள், விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர், ரயில்வே ஊழியர்.